மகளுக்குரிய பங்கு

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னதாகத் தியாகதுருகத்தின் கோட்டை மலை தென்படும். இன்று அங்கு எஞ்சியிருப்பவை சிதைந்த மதில்களும் கட்டட இடிபாடுகளுமே. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மலைக்காகப் பெரும்படைகள் மோதின. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் தியாகதுருகமும் அவர்கள் வசமாயிற்று. 1790-இன் இறுதியில் திப்பு சுல்தானின் படை இங்கு வந்து தாக்கியும் கைப்பற்ற இயலாமல் திரும்பியது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, துருகம் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஓர் ஊராக அமைந்தது. புதுச்சேரியோ பின்னர் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கே உரியதாகி, 1954 வரை அவர்களது ஆட்சியில் இருந்தது.

போர்க்கதை சொல்வது என் நோக்கமன்று. இந்த மலை யார் கைக்குப் போயிற்று என்பதைப் பொறுத்தே, இதன் அடிவாரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குத் தந்தையின் நிலத்தில் பங்கு உண்டா இல்லையா என்பதும் பிற்காலத்தில் முடிவாயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன். நமக்குப் 'பங்கு' என்றதும் ஆலயமும் பங்குத்தந்தையும் நினைவுக்கு வருவர். பத்திர எழுத்தருக்கு அச்சொல் பாகத்தைக் குறிக்கும். இக்கட்டுரை இரண்டாம் பொருளைப் பற்றியது.

என் தந்தையார் இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பட்டா, சிட்டா நகல், கரும்பு வெட்டிய ரசீதுகள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் அடியில் நான்காய் மடித்த ஒரு முத்திரைத் தாள் இருந்தது. 1964-இல் என் அத்தையின் திருமணத்திற்கு முந்தைய வாரம் எழுதப்பட்டது அது. தாம் தகப்பனார் வீட்டிலிருந்து நகையும் பாத்திரமும் சீரும் நிறைவாகப் பெற்றுக்கொண்டபடியால், இனிமேல் அவ்வீட்டு அசையாச் சொத்தில் தமக்கோ தம் சந்ததிக்கோ எவ்வித பாத்தியமும் இல்லையென்று அத்தை ஒப்புக்கொள்வதாக அதில் கண்டிருந்தது. கீழே அவருடைய இடக்கைப் பெருவிரல் ரேகை. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கையொப்பம் வாங்காமல் ரேகை ஏன் வாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தத் தாள் பதிவு செய்யப்பட்டதன்று. என் பாட்டனார் அதன்பின் ஏழாண்டுகள் உயிரோடிருந்து 1971-இல் காலமானார். பாட்டி முன்பே இறந்துவிட்டார். உயில் இல்லை. மூன்று ஏக்கர் நிலம் என் தந்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்றரை ஒன்றரையாகப் பிரிந்தது. ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவுக்கு அத்தை வருவார். திரும்பும்போது அப்பா ஒரு சேலையும் ஒரு மூட்டை நெல்லும் வண்டியில் ஏற்றிவிடுவார். ஒரு முறை, நான் கல்லூரியில் படித்த நாளில், "அத்தைக்கு நிலத்தில் ஒன்றும் இல்லையா அப்பா?" என்று கேட்டேன். "அது சீரோடு போயிற்று" என்றார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவர் உண்மையென நம்பியதையே சொன்னார்.

சட்டம் வேறாக இருந்தது. பாட்டனார் உயிரோடிருக்கையில் அவர் நிலத்தில் அத்தைக்கு இருந்தது வெறும் எதிர்பார்ப்பு மட்டுமே. வருங்காலத்தில் கிடைக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ இயலாதென்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் பொதுவிதி. பாட்டனார் கண்மூடிய கணத்தில் அந்த மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் அத்தைக்கு உரியதாயிற்று. பதிவு பெறாத அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருந்திருக்குமா என்பது பெரும் ஐயம். ஆயினும் எங்கள் குடும்பத்தில் அதுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமாக ஆண்டது. அந்த உரிமை எங்கிருந்து வந்தது, அதை ஏன் யாரும் அறியவில்லை என்று தேடப்போய்த்தான் இந்த வரலாறு எனக்குக் கிடைத்தது.

தேடலைப் புதுச்சேரியிலிருந்து தொடங்குவது பொருந்தும். துருகத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள அந்நகரமும் நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டமே. அங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் பேதுரு கனகராய முதலியார். தம் மகன் நினைவாக உழவர்கரையில் 1745-இல் புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டியவர் அவர். மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டான். 1746-இல் முதலியாரும் இறந்தார். உடனே அவருடைய பெருஞ்செல்வத்தைக் குறித்துத் தம்பி ஒருபுறமும் விதவை மறுபுறமுமாகப் பிணக்கு எழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அச்செய்தி இடம்பெற்றுள்ளது. கிறிஸ்தவராகப் பிறந்து கிறிஸ்தவராகவே இறந்த ஒருவரின் சொத்து எந்த முறைப்படி பிரியவேண்டும்? திருமுழுக்கு ஒருவரின் சமயத்தை மாற்றுகிறது. அவருடைய வயலின் வாரிசையும் மாற்றுகிறதா? இந்த வினாவுக்கு அன்று தெளிவான விடை இல்லை. பிரெஞ்சு ஆட்சி 1819-இல் தன் சட்டத் தொகுப்புகளை இங்கு அறிவித்தபோதும், இந்தியர்களின் குடும்ப விவகாரங்கள் அவரவர் வழக்காற்றின்படியே தீர்க்கப்படும் என்று உறுதியளித்தது. அதன் விளைவாகப் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களும் வாரிசுரிமையில் இந்து வழக்காற்றையே பின்பற்றினர். அவ்வழக்காற்றில் ஆண்மக்கள் இருக்க, மகளுக்குப் பங்கில்லை. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் பழைய தனிநபர் முறையைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்கள் மட்டும் வேறு வழியில் சென்றனர். அவர்களிடையே மகனும் மகளும் சமம். அதோடு, மூன்று பிள்ளைகளோ மேலோ உள்ள தந்தை தம் சொத்தில் காற்பங்குக்கு மேல் உயிலால் பிறர்க்குக் கொடுக்கவும் முடியாது. புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கு நீட்டிக்கப்பட்டபோதும், ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாதென விலக்களிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் இதே வினா பெல்லாரியில் எழுந்தது. மத்தேயு ஆபிரகாம் என்பவர் பரம்பரைக் கிறிஸ்தவர். சாராயக் குத்தகையிலும் வாணிபத்திலும் பொருள் ஈட்டியவர். மனைவி சார்லட் ஐரோப்பியக் கலப்பு மரபினர். மத்தேயு 1842-இல் உயில் எழுதாமல் இறந்தார். தம்பி பிரான்சிஸ், தாமும் அண்ணனும் இந்துக்களைப் போலப் பிரிவினையாகாத கூட்டுக் குடும்பத்தார் என்றும், ஆகவே சொத்தில் தமக்குப் பங்குண்டு என்றும் வழக்காடினார். சார்லட் அதை மறுத்தார். வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சில் வரை சென்று 1863-இல் முடிந்தது. கிறிஸ்தவரானவரை இந்துச் சட்டம் தொடர்ந்து கட்டாயப்படுத்தாது. அவர் விரும்பினால் பழைய முறையைக் கைக்கொள்ளலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். எதைத் தேர்ந்தார் என்பதை அவர் வாழ்ந்த விதத்தைக் கொண்டே அறியவேண்டும் என்பது தீர்ப்பு. கூட்டுக் குடும்ப உரிமை தம்பிக்கு மறுக்கப்பட்டது. எண்ணிப் பாருங்கள்: அத்தீர்ப்பின்படி, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வாரிசு யாரென்று அறிய அவர்கள் உடுத்திய உடையையும் உண்ட முறையையும் மணவுறவு கொண்ட வீடுகளையும் நீதிமன்றம் ஆராயவேண்டியிருந்தது.

அந்தக் குழப்பம் நீடிக்கவில்லை. 1865-ஆம் ஆண்டின் பத்தாம் சட்டமாக இந்திய வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறி 1866 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்துக்களும் முகமதியரும் பௌத்தரும் அதிலிருந்து விலக்கப்பட்டனர். இந்தியக் கிறிஸ்தவர் விலக்கப்படவில்லை. இறந்தவர்க்கு மனைவியும் மக்களும் இருப்பின் மனைவிக்கு மூன்றிலொரு பாகம். எஞ்சிய மூன்றிலிரு பாகம் மக்களுக்குச் சமமாக. 'மக்கள்' என்ற சொல்லுக்குள் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. மணமான மகள், மணமாகாத மகள் என்ற பிரிவும் இல்லை. திருமணத்தால் கணவனுக்கு மனைவியின் சொத்தில் உரிமை வராது என்றும் அச்சட்டம் கூறியது. அதே காலத்தில் இங்கிலாந்திலேயே உயிலின்றி இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே சென்றது. அம்முறை அங்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. ஆங்கிலேயர் தம் சொந்தப் புதல்வியர்க்குத் தர மனமில்லாத பங்கைத் தென்னார்க்காட்டுக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அறுபது ஆண்டுகள் முன்னதாகவே எழுதி வைத்தனர். அவள்மேல் கொண்ட அக்கறையால் என்று நான் நினைக்கவில்லை. நில உடைமைக் குடும்பங்களின் பெருமை குறுக்கிடாத இடத்தில் சட்டம் வகுப்போரால் சீராகச் சிந்திக்க முடிந்தது போலும்.

இச்சட்டம் வந்தபின் கிறிஸ்தவர்க்கு இந்துக் கூட்டுக் குடும்ப உரிமை இல்லையென்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 1886-இல் தெளிவாக்கியது. அதாவது பிறப்பினாலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை என்பது நம்மவர்க்கு மகனுக்கும் கிடையாது. தந்தை உயிரோடிருக்கையில் பாகம் கேட்டு வழக்காடவும் மகனால் இயலாது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் 1925-இல் வேறு பல சட்டங்களோடு தொகுக்கப்பட்டது. இன்றும் நாம் அதன் கீழேயே வாழ்கிறோம். இந்து மகளிர்க்கு 1956-இல் தந்தையின் தனிச் சொத்தில் சமபங்கு வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்தது. துருகத்திலிருந்து மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் பழங்குடியினர்க்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தானாகப் பொருந்துவதில்லை. அங்கு மகளின் பங்கை வழக்காறுதான் முடிவு செய்கிறது. எனவே எழுத்தளவில் பார்த்தால், இவ்வட்டாரத்திலேயே முதன்முதல் சமபங்கு பெற்ற பெண் கத்தோலிக்கப் பெண்ணே.

எழுத்தளவில் என்றேன். ஊரில் நடந்தது வேறு. மதம் மாறியபின்னும் சாதியும் மணமுறையும் சீர்வரிசையும் மாறாத குடும்பங்களில் பாகப்பிரிவினை மட்டும் எங்ஙனம் மாறும்? அண்டை வயல்காரர் எப்படிப் பிரித்தாரோ அப்படியே நம்மவரும் பிரித்தனர். யாழ்ப்பாணத்தில், 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, சீதனம் என்பது மகள் பெயரில் எழுதப்படும் நிலமாகவே பெரும்பாலும் இருந்தது. நம் பகுதியில் சீர் என்பது பித்தளைக் குடமும் கட்டிலும். குடம் ஈயம் பூசப் பூசத் தேயும், நிலம் விலையேறும். நிலமற்ற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சியே வீண் என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நத்தம் மனையும் அரசு தந்த வீட்டுமனைப் பட்டாவும் வங்கியில் உள்ள சிறு தொகையும்கூட ஒருவர் இறந்தபின் யாரையாவது சேர வேண்டியவையே. பங்கு சிறிதாக இருக்கும் வீட்டில்தான் பிணக்கு கொடிதாக இருக்கிறது.

இனி உயிலைப் பற்றி. இச்சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்தது. பழைய இந்து முறையில் கூட்டுக் குடும்பச் சொத்து தானாகவே அடுத்த தலைமுறையைச் சேர்ந்ததால், இறந்தபின் நடைபெற வேண்டியதை ஒருவர் எழுதிவைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. 'மரண சாசனம்' என்ற தமிழ்த் தொடர் நமக்கு மறைநூல் வழியாகவும் பழக்கமானது. எழுதியவர் இறந்தாலன்றி அது செல்லாது என்பதை எபிரேயர் திருமுகம் தன் வாதத்திற்கே அடிப்படையாகக் கொள்கிறது. திருச்சபைக்கும் உயிலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நெருங்கியது. இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பித்துச் சான்றளிக்கும் அதிகாரம் 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை திருச்சபை நீதிமன்றங்களிடமே இருந்தது. சென்னையில் 1726-ஆம் ஆண்டின் அரச சாசனம் அவ்வதிகாரத்தை மேயர் நீதிமன்றத்திற்கு வழங்கியது. வழக்கறிஞர்கள் 'புரொபேட்' என்று சொல்வது இச்சான்றையே: இது இன்னார் எழுதிய கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது, இதை நிறைவேற்ற இன்னார்க்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவது.

1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு இதில் நம்மை நெடுங்காலம் வருத்தியது. புரொபேட் பெறாத உயிலைக் கொண்டு எந்த உரிமையையும் நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது என்றது அப்பிரிவு. இந்துக்களைப் பொறுத்தவரை சென்னை, பம்பாய், கல்கத்தா தொடர்பான குறிப்பிட்ட உயில்களுக்கு மட்டுமே இக்கட்டாயம். கிறிஸ்தவர்க்கோ எவ்வூராயினும் கட்டாயம். துருகத்தில் அரை ஏக்கருக்கு உயில் எழுதிய இந்துவின் பிள்ளைகள் அதை அப்படியே நீதிமன்றத்தில் காட்டலாம். பக்கத்து வயல் கத்தோலிக்கரின் பிள்ளைகள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அறிவிப்பு வெளியிட்டு, சாட்சியை அழைத்துவந்து, சொத்து மதிப்புக்கேற்பக் கட்டணமும் செலுத்தவேண்டும். நம்மவர் உயிலை அஞ்சி ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணமென்பேன். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியக் கிறிஸ்தவர்களை அப்பிரிவிலிருந்து விடுவித்தது. 2025-இன் இறுதியில் நாடாளுமன்றம் அப்பிரிவையே நீக்கிவிட்டது. விரும்புவோர் இன்றும் புரொபேட் பெறலாம்; உயிலின் உண்மை குறித்துச் சண்டை எழக்கூடும் என்று தோன்றினால் பெறுவதே நல்லது.

இதனினும் விந்தையானது 118-ஆம் பிரிவு. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒரு கிறிஸ்தவர், தம் சொத்தை ஆலயத்துக்கோ அறப்பணிக்கோ உயிலால் விடவேண்டுமாயின், இறப்பதற்கு ஓராண்டேனும் முன்பே அதை எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டப்படி ஒப்படைத்தும் வைக்கவேண்டும். எழுதிய பதினோராம் மாதத்தில் அவர் இறந்துவிட்டால் அறக்கொடை செல்லாது. தம் இறப்பின் நாளை முன்னரே அறிந்தவர்தான் இதைத் தவறாமல் கடைப்பிடிக்க முடியும்! மரணப் படுக்கையில் குருக்கள் நிலங்களை எழுதி வாங்கிவிடுவர் என்ற பழைய ஆங்கில அச்சத்தின் வழிவந்த விதி இது. 1736-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தில் இதன் முன்னோடியைக் காணலாம். இங்கிலாந்து தன் விதியை விட்டொழித்த பின்னும் நாம் இதைச் சுமந்துகொண்டிருந்தோம். கேரளத்துக் கத்தோலிக்கக் குருவான ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 சூலையில் இப்பிரிவு சமத்துவத்துக்கு முரணானதெனத் தள்ளியது. திருச்சபைச் சட்டத் தொகுப்போ 1983-ஆம் ஆண்டுப் பதிப்பின் 1299-ஆம் விதியில், அறப்பணிக்கான உயில்களில் நாட்டுச் சட்டத்தின் முறைகளை இயன்றவரை பின்பற்றவும், அவை விடுபட்டிருப்பின் இறந்தவரின் விருப்பத்தை நிறைவேற்றும் கடமையை வாரிசுகளுக்கு நினைவூட்டவும் சொல்கிறது. அந்த அச்சத்தில் ஒரு துளி நியாயமும் இல்லையென்று நான் வாதிடமாட்டேன். பிள்ளைகளை வெறுங்கையாக விட்டு ஆலயக் கோபுரத்துக்கு எழுதிவைத்தவர்களை நாம் அறியாதவரல்லர்.

உயில் மகளைக் காக்கவும் செய்யும், விலக்கவும் செய்யும். திருவிதாங்கூரில் நடந்தது இதற்குச் சான்று. அங்கு 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் காற்பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் பெற்றிருந்தால் அதுவும் இல்லை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டக் கிறிஸ்தவப் பெண்களையும் இது கட்டுப்படுத்துகிறதா என்பதில் எழுபதுகளில் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே முரண்பட்ட தீர்ப்புகள் வந்தன. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பெப்ருவரியில், அச்சட்டம் 1951 ஏப்ரல் முதல் நாளே மறைந்துவிட்டதென்றும் அன்றுமுதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் இல்லாத ஒரு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்திருக்கிறார்கள்! எங்கள் தகரப் பெட்டித் தாளை நினைத்துக்கொண்டேன். தீர்ப்புக்குப்பின் பல தந்தையர் மகள்மாரை விலக்கி உயில் எழுதத் தலைப்பட்டனர். அது சட்டத்துக்கு உட்பட்டதே. ரெனோன்சான்களுக்கு உள்ளதுபோல் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு நம் சட்டத்தில் இல்லை. முழுச் சொத்தையும் யாருக்கும் எழுதலாம்.

உயில் எழுதாமல் விடுவதே நியாயமானது, சட்டம் சமமாகப் பிரித்துவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். நானும் அப்படி எண்ணியதுண்டு. ஆனால் அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருக்கிறது. மனைவி மக்களை விட்டு ஒருவர் உயிலின்றி இறந்தால் அவருடைய பெற்றோருக்கு எதுவுமில்லை. மகன் வீட்டுத் திண்ணையில் அவன் உழைப்பில் கஞ்சி குடித்த தாய்க்கு, அவன் இறந்த மறுநாள் அவ்வீட்டில் சட்டப்படி ஒரு செங்கல்லும் கிடையாது. பிள்ளையில்லாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி தந்தைக்கு. தந்தை இல்லாதபோதுதான் தாய் தன் மற்ற மக்களோடு ஒருத்தியாகப் பங்கு பெறுகிறாள். தாயையோ ஊனமுற்ற பிள்ளையையோ மனத்தில் கொண்டவர் எழுதித்தான் ஆகவேண்டும். வங்கியில் நியமனதாரர் பெயர் கொடுத்துவிட்டேன், போதும் என்பாரும் பலர். வைப்புத் தொகையின் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அது வாரிசுகளுக்கே உரியது.

எழுதுவது கடினமன்று. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த அறிவுடைய எவரும் வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். முத்திரைத் தீர்வை இல்லை. கையொப்பமோ ரேகையோ இட்டு, இரு சாட்சிகள் அதைக் கண்டு கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால், காணாமற்போயிற்று என்ற பேச்சுக்கு இடமிராது. உயிரோடுள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். கிறிஸ்தவர்க்கென்றே உரிய இரு கண்ணிகளை மட்டும் மறத்தலாகாது. மணமாகுமுன் எழுதிய உயில் திருமணத்தோடு இரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்வோர்க்கும் இதுவே விதி. முதல் மனைவியின் பிள்ளைகளுக்கென்று எழுதியது மறுமணத்தன்றே ஒன்றுமில்லாமற் போகும், மீண்டும் எழுதவேண்டும். மற்றக் கண்ணியை என் அனுபவத்தில் கண்டேன்.

அத்தை 2009-இல் காலமானார். எனக்கு உடன்பிறந்தார் இல்லை. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் என்னிடம் உள்ளது. அதில் அரை ஏக்கர் அத்தையுடையதென்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மற்ற அரை ஏக்கர் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. அதைப் பற்றி அவர்களிடம் பேசும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. அத்தை மகளுக்கு இப்போதே தானப் பத்திரம் எழுதலாம்தான். ஆனால் அவர் சட்டத்தின் கண்ணில் நெருங்கிய குடும்பத்தார் அல்லர் என்பதால் முத்திரைத் தீர்வை மிகுதி. ஆகவே உயில் எழுதினேன். இதில் என் சிக்கனமும் உண்டென்பதை மறைப்பானேன்? அரை ஏக்கர் அத்தை மகளுக்கு. எஞ்சியது என் மகளுக்கும் மகனுக்கும் பாதிப் பாதி. என் மனைவி வாழ்நாள் முழுதும் வீட்டில் இருக்க உரிமை.

எழுதி முடித்தபோது மாலையாகிவிட்டது. சாட்சிக்கு அழைத்தவர்களில் ஒருவர் வரவில்லை. "உங்கள் மருமகன்தான் இங்கேயே இருக்கிறாரே, அவர் போடட்டும் ஐயா" என்றார் பத்திர எழுத்தர். மருமகனும் பேனாவை எடுத்துவிட்டார். அவர் கையொப்பமிட்டிருந்தால் உயில் செல்லும். ஆனால் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாதென்ற 67-ஆம் பிரிவின்படி என் மகளின் பங்கு மட்டும் செல்லாமற் போயிருக்கும். இந்துக்களுக்கு அவ்விதி இல்லையாதலால் எழுத்தர் அதை அறிந்திருக்கவில்லை. மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வயல்காரர் இருவரை அழைத்துப்போய்க் கையொப்பம் வாங்கிப் பதிந்துவிட்டு, அதைத் தகரப் பெட்டியில் அந்த 1964-ஆம் ஆண்டுத் தாளின் மேல் வைத்திருக்கிறேன்.